ஒரு கோலிக்கு இரண்டு கணக்கு

பரீட்சைக்கு முந்தின ராத்திரி. படித்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். "உந்தம்னா நிறையை வேகத்தால பெருக்கணும். இயக்க ஆற்றல்னா நிறையில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கணும். ரெண்டுலயும் அதே நிறை, அதே வேகம்தானே? அப்புறம் எதுக்கும்மா ரெண்டு?"

பதினான்கு வருடமாகப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "பரீட்சை முடியட்டும், லீவுல பார்க்கலாம்" என்று சொல்லி விளக்கை அணைத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

அதற்குப் பதில் தேடித்தான் மே மாதம் முழுக்க அயனாவரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் கூடத்திலும் கோலி உருட்டினோம். நானும் மகளுமாகத் தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் மூன்றாம் மாடிப் பெண், பக்கத்து வீட்டு இரட்டையர்கள், இஸ்திரி போடுகிறவரின் மகன் என்று ஐந்து பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான், எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோலிக்கு அலையவில்லை. என் அண்ணன் சின்ன வயதில் சேர்த்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அம்மா வீட்டில் இருந்தது. உள்ளே பூ வைத்த கோலி, பச்சைக் கண்ணாடிக் கோலி, உடைந்த சோடா பாட்டிலில் இருந்து எடுத்தது இரண்டு. கோலி சோடா பாட்டிலுக்கு 1872ல் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்தில் ஏற்றி மூடிவைத்துக்கொள்ளும். இரும்புக் குண்டுகளுக்குப் புதுப்பேட்டை போனோம். பழைய பேரிங்கை உடைத்து எடுத்த குண்டுகள் அங்கே எல்லா அளவிலும் கிடைக்கும். கண்ணாடிக் கோலியின் அதே அளவில், 16 மி.மீட்டரில், நாலு வாங்கினோம். ஒரே அளவாக இருந்தால்தான் எடை மட்டும் மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும்.

ஓடுபாதைக்கு எலக்ட்ரிக்கல் கடையில் வயர் ஓட்ட விற்கும் கேசிங் பட்டி. ஒரு இஞ்ச் அகலத்தில், மேல் மூடி இல்லாமல், இரண்டு மீட்டர் நீளம். கோலி அதன் அடித்தளத்தில் உருளும், இரண்டு பக்கச் சுவரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சுவர்களின் விளிம்புமேல் உட்கார்ந்து ஓடுகிற அளவுக்குப் பெரிய கோலியை விடாதீர்கள். விளிம்பில் ஓடினால் கோலி அதே தூரத்துக்கு அதிகம் சுழல வேண்டியிருக்கும், கணக்கெல்லாம் மாறிவிடும்.

முதல் நாள் மாடியிலேயே வைத்தோம். தரையில் சும்மா வைத்த கோலி தானாக ஓடிப்போய் மழைநீர்க் குழாய் வாயில் நின்றது. "கொத்தனார் வாட்டம் குடுத்திருக்காங்கல்ல, அங்கதான் ஓடும்" என்றார் மாமியார். கண்ணுக்குத் தெரியாத வாட்டத்தைக் கோலி உடனே கண்டுபிடித்துவிடுகிறது. அதனால் எதற்கும் முன்னால், பட்டியைச் சமமாக வைத்துக் கோலியை நடுவில் விட்டு, எந்தப் பக்கமும் நகராத வரைக்கும் அடியில் அட்டைத் துண்டு சொருகிச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் இருந்தாலும் கோலியை நம்புவதே நல்லது.

அன்றைக்குச் சாப்பிடக் கீழே இறங்கியவர்கள் பட்டியை வெயிலிலேயே விட்டுவிட்டோம். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. சென்னை மே மாத வெயிலுக்குப் பிவிசி இளகிவிடும். தொய்ந்த பட்டியில் வாட்டம் இடத்துக்கு இடம் வேறு, அதில் எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. புதுப் பட்டி வாங்கி, ஒரு மரச்சட்டத்தின் மேல் டேப் போட்டு ஒட்டிவைத்துக்கொண்டோம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் பேப்பர் கப் எல்லாம் பறக்கும். ஆகவே காலையில் மாடி, பிற்பகலில் கூடத்து மொசைக் தரை என்று வழக்கம் ஆனது.

ஒரே ஒரு விதி வைத்தேன். கோலியை விடும் முன் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் சாக்பீஸால் எழுத வேண்டும். எழுதாதவர் கோலியைத் தொடக்கூடாது. எழுதிவிட்டால் கோலி ஓடுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். எழுதாமல் பார்த்தால் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் மாடிப் பெண் மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். முதல் நல்ல சோதனை அவளால்தான் அமைந்தது. பட்டியின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தி, 40 செ.மீட்டருக்கு ஒன்றாக ரப்பர் பேண்ட் சுற்றினோம், கோலி தாண்டும்போது சத்தம் கேட்கட்டும் என்று. முதல் ரப்பர் பேண்டிலேயே கோலி தடுக்கி நின்றது. தையல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியதும் சரியாக வந்தது: கோலி தாண்டுகையில் மெல்லிசாக ஒரு ‘டிக்’. கண்ணை மூடிக் கேட்டவள், "ஆன்ட்டி, காலம் ஏறிக்கிட்டே போகுது" என்றாள். சங்கீதத்தில் காலம் என்றால் தாளத்தின் வேகம். சம தூரம், குறைந்துகொண்டே வரும் நேரம். முடுக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

"காலப்பிரமாணம் மாறாம வரணும்னா நூலை எங்கே கட்டுவே?" என்று கேட்டேன். முதலில் காதாலேயே தேடினார்கள், முக்கால் மணி நேரம். நூலை நகர்த்துவது, கோலியை விடுவது, அவள் தொடையில் தட்டிப் பார்ப்பது, மறுபடி நகர்த்துவது. கடைசியில் நூல்கள் நின்ற இடத்தை அளந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 10, 40, 90, 160 செ.மீ. நூலுக்கு நூல் இடைவெளி 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7. இரட்டையரில் ஒருவன் "ஒத்தைப்படை எண்ணு!" என்று கத்தினான். முக்கால் விநாடிக்கு ஒரு டிக், தாளம் போட்ட மாதிரி. ஒவ்வொரு நூலும் கோலியின் வேகத்தில் கொஞ்சம் தின்றுவிடுவதால் கடைசி நூல்கள் கணக்கில் வரும் இடத்துக்கு இரண்டொரு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றன. உங்கள் வீட்டில் அப்படி வந்தால் பயப்பட வேண்டாம்.

கலிலியோ 1638ல் வெளியிட்ட நூலில் சொல்வதும் இதே சோதனைதான். நீண்ட மரச்சட்டத்தில் காடி வெட்டி, வழவழப்பாக இருக்கத் தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை அளக்க, மெல்லிய குழாயில் ஒழுகிய தண்ணீரை எடைபோட்டார். கலிலியோவின் கைக்குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டில்மன் டிரேக் வேறொன்றும் சொன்னார்: கலிலியோ தொடக்கத்தில் காடியின் குறுக்கே நரம்பு கட்டி, தாளத்தைக் காதால் கேட்டே இடைவெளிகளைச் சரிசெய்திருக்க வேண்டும் என்று. கலிலியோவின் அப்பா வின்சென்சோ, லூட் என்ற தந்திக் கருவி வாசித்த இசைக்கலைஞர். இதைச் சொன்னபோது மிருதங்கப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த நாலு நாள் நான் பட்ட பாட்டை விவரமாகவே சொல்கிறேன், இங்கேதான் நான் அதிகம் கற்றேன். மேஜைமேல் பட்டியைச் சரிவாக வைத்து, கடைசி 20 செ.மீட்டரை மேஜையோடு சமமாகப் படியவைத்தோம். கோலி விளிம்பைத் தாண்டிப் பறந்து தரையில் விழும். விழும் இடத்தில் வெள்ளைத்தாள் விரித்து, மேலே கார்பன் பேப்பர் போட்டால் புள்ளி விழுந்துவிடும். மேஜை உயரம் 75 செ.மீ., ஆகவே கீழே விழ 0.39 விநாடி. புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறதோ, அதை வைத்து வேகத்தைச் சொல்லிவிடலாம். நிறுத்துக்கடிகாரம் தேவையே இல்லை. 1608 வாக்கில் கலிலியோ செய்து குறித்துவைத்த சோதனைகளில் இதுவும் ஒன்று.

மேஜையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் கோலியை விட்டோம். நிலை ஆற்றல் முழுக்க இயக்க ஆற்றலாக மாறும் என்று பாடப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டால் 77 செ.மீ. தள்ளி விழ வேண்டும். நான் அப்படித்தான் தாளை விரித்தேன். கோலி 64ல் விழுந்தது. மறுபடி 64. அப்புறம் 65, 64, 63. ஒரு கைப்பிடி அளவு இடத்துக்குள் புள்ளிகள் குவிந்துகொண்டே போக, என் 77 காலியாகக் கிடந்தது.

"உராய்வு" என்றேன். வகுப்பில் விடை பொருந்தாதபோதெல்லாம் நான் சொல்லிப் பழகின சொல். மகள் விடவில்லை. "உராய்வுன்னா நீளமான பட்டியில அதிகமா இழக்கணும்தானே?" அவள் சொன்னது சரி. பட்டியின் பாதி நீளத்தை மட்டும் பயன்படுத்தி, அதே 20 செ.மீ. உயரத்திலிருந்து செங்குத்தான சரிவில் விட்டோம். பாதை பாதியாகியும் கோலி விழுந்தது 65ல்தான். இரும்புக் குண்டை விட்டோம், மூன்று மடங்கு கனம். அதுவும் அங்கேயேதான் விழுந்தது. உராய்வு கொஞ்சம் இருக்கிறதுதான், ஆனால் 12 செ.மீ. அளவுக்கு அது காரணமே இல்லை.

இரண்டு நாள் எனக்கு விளங்கவில்லை. காய்கறி நறுக்கும்போதும் அதே யோசனை. மாமியார் கழற்றிவைத்த கண்ணாடி வளையல் அடுப்பு மேடையில் உருண்டுபோய்ச் சுவரில் இடித்து நின்றதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. கோலி நகர மட்டும் செய்யவில்லை, சுழலவும் செய்கிறது. சுழல்வதற்கும் ஆற்றல் வேண்டும். என் சூத்திரம் வழுக்கிக்கொண்டு வரும் கட்டைக்குத்தான் பொருந்தும்.

உருளும் திடமான உருண்டை எதுவானாலும், அதன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். முன்னால் நகர மிஞ்சுவது ஏழில் ஐந்து. வேகம் அதன் வர்க்கமூலத்தின்படி குறைவதால் 77ஐ 0.845ஆல் பெருக்க வேண்டும். 65! மீதி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் உண்மையான உராய்வு. கல்லூரியில் நிலைமத் திருப்புத்திறன் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். அதைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வளையலே போதும். அலமாரிப் பலகை ஒன்றைச் சாய்த்து, கோலியையும் வளையலையும் ஒரே கோட்டிலிருந்து ஒரே நேரத்தில் விடுங்கள். கோலி ஒரு மீட்டரை முடிக்கும்போது வளையல் 70 செ.மீட்டரில்தான் இருக்கும். வளையலின் எடை முழுக்க விளிம்பில் இருப்பதால் அதன் ஆற்றலில் சரிபாதி சுழற்சிக்கே செலவாகிவிடுகிறது. பெரிய கோலியும் சின்னக் கோலியும் ஒன்றாகவே வந்துசேரும். எல்லாப் பிள்ளைகளும் பெரியதுதான் ஜெயிக்கும் என்று எழுதியிருந்தார்கள். நம்பாமல் பதினெட்டு தடவை விட்டுப் பார்த்தார்கள். தடுக்கவில்லை.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன்.

கொசப்பேட்டையில் குயவர் வீட்டில் பொம்மைக்குப் பிசைந்த களிமண்ணில் ஒரு கட்டி வாங்கிவந்தோம். தட்டில் சமமாகத் தட்டி, மேலிருந்து கோலியைப் போட்டோம். நேராக விழ, பிளம்பர் விட்டுப்போன குழாய்த் துண்டைப் பிடித்துக்கொண்டோம். ஒன்று 25 செ.மீ. உயரத்திலிருந்து, இன்னொன்று ஒரு மீட்டரிலிருந்து. உயரம் நான்கு மடங்கு என்றால் வேகம் இரண்டு மடங்கு: விநாடிக்கு 2.2 மீட்டர், 4.4 மீட்டர். குழி எவ்வளவு பெரிது என்று எப்படி அளப்பது? இஸ்திரிக்காரர் மகன் சொன்னான்: "கடுகு போட்டு எண்ணலாம்." போட்டு, விளிம்புக்குச் சமமாக விரலால் தடவி, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்கள். சின்னக் குழியில் 21 கடுகு. பெரியதில் 83.

வேகம் இரண்டு மடங்கு, கடுகு நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கம் என்பது தட்டில் எண்ணிவைத்த கடுகாக இருந்தது.

லெய்டன் நகரத்துப் பேராசிரியர் கிராவசாண்டு 1722ல் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்து இதையேதான் கண்டார். அதற்கு முன்பே, 1686ல், லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை ‘ஓடும் பொருளின் வலிமையை வேகத்தால் அளக்கக்கூடாது, வேகத்தின் வர்க்கத்தால் அளக்க வேண்டும்’ என்று எழுதி, வேகத்தால்தான் அளக்க வேண்டும் என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டின் வழிவந்தவர்களோடு பெரிய சண்டையைத் தொடங்கிவைத்திருந்தார். பிரான்சில் எமிலி டு சாட்லே என்ற பெண்மணி 1740ல் வெளியிட்ட தன் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். நிறையை வேகத்தால் பெருக்குவதா, வேகத்தின் வர்க்கத்தாலா? ஐரோப்பாவின் பெரிய மூளைகள் ஐம்பது வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்ட கேள்வி. அதைத்தான் என் மகள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கேட்டிருக்கிறாள். "நீ கேட்டது தப்பான கேள்வி இல்லடி" என்று அவளிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டு பக்கமும் சரிதான் என்று காட்டியது டீக்கடை பேப்பர் கப். கப்பைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கோலி நுழைய வாசல் மாதிரி வெட்டி, பட்டியின் வாயில் வைத்தோம். கோலி உள்ளே நுழைந்து கப்பைத் தள்ளிக்கொண்டு மொசைக் தரையில் போய் நிற்கும். கோலியை முதலில் 10 செ.மீ. உயரத்தில் விட்டோம், அப்புறம் 40ல். வேகம் இருமடங்கு. கப் போன தூரத்தைப் பிள்ளைகள் டேப்பால் அளந்தார்கள். மகள் போனை ஸ்லோ மோஷனில் வைத்து, கப் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை எத்தனை பிரேம் என்று எண்ணினாள். தூரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எவ்வளவு நேரம் பிடிச்சு நிறுத்தணும்னு கேட்டா உந்தம். எவ்வளவு தூரத்துல நிக்கும்னு கேட்டா ஆற்றல்."

ஆமாம். விசையை நேரத்தால் பெருக்கினால் ஒரு கணக்கு, தூரத்தால் பெருக்கினால் இன்னொரு கணக்கு. ஒரே கோலி, ஒரே ஓட்டம், இரண்டு பேரேடு. அண்ணா சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் 60ல் வந்தால், அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் நிற்க இரண்டு மடங்கு நேரம்தான் ஆகும். ஆனால் நான்கு மடங்கு தூரம் ஓடியிருக்கும். குறுக்கே ரோடு கடக்கிறவருக்கு அந்தத் தூரம்தான் முக்கியம். இப்போது வகுப்பில் உந்தத்தைத் தொடங்கும்போது இந்தப் பஸ்ஸிலிருந்துதான் தொடங்குகிறேன்.

பேரேடு இரண்டுமே தேவை என்பது கோலி வரிசையில் தெரிந்தது. பட்டியைத் தரையில் சமமாக வைத்து, ஐந்து கோலியை ஒட்டினாற்போல் நிறுத்தி, ஒரு கோலியால் இடித்தால் மறுமுனையில் ஒன்று கழன்று ஓடும். இரண்டால் இடித்தால் இரண்டு ஓடும். இரட்டையரில் மூத்தவன் நியாயமான ஒரு கேள்வி போட்டான்: "ரெண்டு கோலி வந்து இடிச்சா, ஒரே கோலி ரெண்டு மடங்கு வேகத்துல ஏன் ஓடக்கூடாது?" பலகையில் எழுதினோம். ஒரு கோலியின் நிறை ஒன்று, வேகம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இடிக்க வந்த இரண்டின் உந்தம் 2. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் ஒற்றைக் கோலியின் உந்தமும் 2. இந்தப் பேரேடு ஒத்துப்போகிறது. அடுத்தது ஆற்றல்: வந்தவை இரண்டுக்கும் சேர்த்து 1, ஓடுகிற ஒற்றைக்கு 2. கூடுதல் 1 எங்கிருந்து வரும்? கடன் கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஒரு கணக்கை மட்டும் வைத்திருந்தால் அவன் சொன்னதும் நடக்கலாம் என்றுதான் தோன்றும். அதை நடக்கவிடாமல் தடுப்பது இரண்டாவது கணக்கு.

இதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடித்த கோலி நின்றுவிட வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. ஒரு கணம் தயங்கி, பிறகு மெதுவாக முன்னால் ஊர்ந்தது. எங்கள் தெருமுனையில் ஆட்டோ நிறுத்தும் அண்ணன் ஒருவர், பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்து வந்தவர், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உருட்டி அடிச்சா பின்னாடியே வரும்மா. தெறிச்சு அடிச்சாத்தான் அடிச்ச இடத்துல நிக்கும். அப்படி நின்னாத்தான் அடுத்த குண்டையும் அடிக்க முடியும்." இடது கை நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலது கையால் அந்த விரலை வில் மாதிரி பின்னால் வளைத்தார். மூன்றடி தூரத்தில் இருந்த கோலி ‘டக்’கென்று பறந்தது. அவருடைய கோலி அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. ஐந்து முறை கேட்டோம். நான்கு முறை அப்படியே செய்து காட்டினார்.

போனில் நிதானமாக ஓட்டிப் பார்த்தோம். பூக் கோலி என்பதால் உள்ளே இருக்கும் நிறக்கீற்று சுழற்சியைக் காட்டிக்கொடுத்தது. உருண்டு வந்த கோலி இடித்ததும், முன்னால் போகும் வேகத்தை எதிர்க் கோலிக்குக் கொடுத்துவிடுகிறது, தன் சுழற்சியைக் கொடுப்பதில்லை. பளபளப்பான இரண்டு கண்ணாடிகள் தொட்டுக்கொள்ளும் அந்தக் கணத்தில் சுழற்சி கைமாறப் பிடிமானம் இல்லை. ஆகவே நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றுகிறது. பிறகு தரை அதைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. கணக்குப்படி பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு அதற்குத் திரும்பக் கிடைக்கும். மேஜை விளிம்பில் எனக்கு நாலு நாள் தண்ணி காட்டிய அதே ஏழில் இரண்டு! தெறித்த கோலி காற்றில் பறந்து வருவதால் அதில் சுழற்சி பெரிதாக இல்லை. அதனால் அடித்த இடத்தில் நிற்கிறது. அந்த அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்த வித்தியாசம் அவர் விரலுக்கு நாற்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது.

சில சில்லறை விஷயங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. இருபது கோலியைச் சேர்த்து நிறுத்து இருபதால் வகுங்கள். எங்களுக்கு 107 கிராம் வந்தது, ஒரு கோலிக்கு 5.35. இரும்புக் குண்டு 16 மி.மீட்டருக்கு 17 கிராம் அளவு இருக்கும். இரும்பால் கண்ணாடியை வேகமாக இடிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கோலியில் சில்லு பெயர்ந்து காலில் குத்தியது. தவழும் குழந்தை, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் கோலியை எண்ணி வெளியே எடுத்து, எண்ணித்தான் உள்ளே வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்த பிறகுதான் தூக்கம்.

கோலியைக் கையால் விடாதீர்கள், விரல் தெரியாமல் தள்ளிவிடும். ஸ்கேலைக் குறுக்கே வைத்து, மேலாக நேரே தூக்குங்கள். ஒவ்வொரு அளவையும் ஐந்து முறையாவது எடுங்கள். ஒரு முறை எடுத்த அளவை வைத்துச் சண்டை போடுகிற பிள்ளைகள், ஐந்து புள்ளியைப் பார்த்ததும் தாமாகவே நடுவைத் தேடுகிறார்கள்.

கோலி தலைகீழாகச் சுற்றிவரும் வளையம் செய்யப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ஏசி மெக்கானிக் செப்புக் குழாய்க்குப் போடும் நுரைக்குழாய் மிச்சம் இருந்தது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வளைகிற பட்டி தயார். வளையத்தின் ஆரம் 10 செ.மீ. என்றால், உருளும் கோலி விழாமல் சுற்ற 27 செ.மீ. உயரம் போதும் என்று கணக்கு சொல்கிறது. நுரை மெத்தென்று இருப்பதால் எங்களுக்கு 40 தேவைப்பட்டது. அந்த 13 செ.மீ. எங்கே போயிற்று என்று கேட்டபோது மகள் "உராய்வு" என்று சொல்லவில்லை. பட்டி நீளத்தை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஜூனில் பள்ளி திறந்தாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, ஒன்றைப் படுக்கவைத்தபடி ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். முழுக்க நிரப்பினால் உறையும்போது வெடித்துவிடும். அலமாரிப் பலகையில் ஐஸ் பாட்டிலையும் தண்ணீர் பாட்டிலையும் ஒன்றாக உருட்டப் போகிறோம். எது முந்தும்? ஐந்து பேரும் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். நான்கு பேர் ஐஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இஸ்திரிக்காரர் மகன் மட்டும் தண்ணீர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வளையல் படம் வரைந்திருக்கிறான்.